மலைமேல முத்தரசி வாசல்

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. பெரிய பொம்பளைன்னு நெனச்சுக்காத, ஆறு வயசுதான். பேரு முத்தரசி. அவளுக்கு ஒரு அப்பா, சோலையப்பன், மில்லுல வேலை. ஒரு அம்மா, பேச்சியம்மா. ஒரு தம்பி, துரைப்பாண்டி, மூணு வயசு, எந்நேரமும் மூக்கு ஒழுகும். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

அந்த முத்தரசிக்கு ஒரே ஒரு ஆசை. மலைமேல டென்ட் அடிச்சு ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி தூங்கணும். மூணு வருசமா கேக்குறா. ஒவ்வொரு வருசமும் அப்பாவுக்கு லீவு கெடைக்காது. இந்த வருசம் கெடச்சுருச்சு, அதுவும் ரெண்டே நாளு. இதையும் விட்டா இன்னும் எத்தன வருசமோ! அப்புறம் என்ன, சோறு கட்டி, டென்ட்டும் போர்வையும் சுருட்டி, தம்பியத் தூக்கி இடுப்புல வச்சு, நாலு பேரும் லொங்கு லொங்குன்னு மலை ஏறுனாங்க.

மேல போனா எங்க பாத்தாலும் முள்ளு, கல்லு, புதரு. ஒரே ஒரு எடம் மட்டும் பெருக்கித் தெளிச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு, நடுவுல ஒரு தட்டப்பாறை, அதுக்கு நிழலா ஒரு மரம். பேச்சியம்மா பாத்தா. "இங்கயே அடிங்க. கோலம் போட எவ்வளவு தோதா இருக்கு!"ன்னா. காட்டுக்குள்ள ஒரு எடம் மட்டும் ஏன் இப்படிச் சுத்தமா கெடக்குன்னு ஒருத்தராவது கேக்கணுமில்ல? கேக்கல. அந்த மகராசி வீட்டுலருந்து கோலமாவுப் பொட்டலம் வேற கொண்டாந்திருந்தா! "ஒரு ராத்திரி தங்குனாலும் வீடு வீடுதான். வாசல்ல கோலம் இல்லாம எப்படி?"ன்னு, அப்பா டென்ட்ட அடிச்சு, மூணு கல்லக் கூட்டி அடுப்பு பத்த வைக்குறதுக்குள்ள, பாறைமேல பச்சரிசி மாவுல பெருசா ஒரு கோலம் போட்டுட்டா. முத்தரசிக்குப் பெருமை தாங்கல. "இது எங்க வாசல்!"ன்னு மலைக்கே கேக்குற மாதிரி கத்துனா.

கேட்டுருச்சு. மொதல்ல காத்து வந்துச்சு, உஸ்ஸ்ஸ்ஸ்... "யாருடி அது, என் மலையில வாசல் வச்சது? கெளம்பு!"ன்னு ஒரே ஊது. மாவு பூராவும் பொசுக்குன்னு பறந்து அப்பா மீசையில போய் உக்காந்துருச்சு. டென்ட்டு படபடபடன்னு அடிச்சுக்குது. அப்பா மீசையத் தட்டிக்கிட்டே, "போதும்மா, பொழுதோட கீழ எறங்கிருவோம்"ன்னாரு.

"மாட்டேன்"ன்னா முத்தரசி. பொட்டலத்துல மிச்சமிருந்த மாவுல பாதியத் தண்ணி ஊத்திக் கரைச்சு, மாக்கோலமா பாறைமேல இழுத்துவிட்டா. "இப்ப ஊது பாப்போம்!" காத்து ஊதுச்சு. ஈரக் கோலம் அசையல. இன்னும் ஊதுச்சு. ஊத ஊதக் கோலம் காஞ்சு பாறையோட நல்லா ஒட்டிக்கிச்சு! காத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிருச்சு.

அப்புறம் கொரங்கு வந்துச்சு, கீச் கீச்! "என் மரத்தடியில நீ யாரு? கெளம்பு!"ன்னு பாறைமேல குந்திக்கிட்டு, சளக் சளக்குன்னு கோலத்த நக்கியே தின்னுருச்சு. தின்னுட்டு மாவுப் பொட்டலத்தையும் தூக்கிக்கிட்டு மரத்துல ஏறிருச்சு. தம்பி ஓன்னு அழுறான். அம்மா சொன்னா, "மாவும் போச்சு. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நமக்கு இது தேவையா? வாடி, போயிருவோம்."

"மாட்டேன். நீ வேணா போ." அம்மாகிட்ட அப்படிப் பேசலாமான்னு என்னை ஏன் பாக்குற? பேசக் கூடாதுதான். அவ பேசுனா, நான் என்ன பண்ண? பேசிட்டு அடுப்புலருந்து அணைஞ்ச கரித்துண்டு ஒண்ண எடுத்தா. "கரியில எங்கயாச்சும் கோலம் போடுவாங்களாடி!"ன்னு அம்மா பதறுறா. "இங்க போடுவாங்க"ன்னு கோணல்மாணலா ஒரு கோலத்தப் போட்டா. கொரங்கு எறங்கி வந்து ஆசையா நக்குச்சு. த்தூ! த்தூ! வாயெல்லாம் கரி. ஒரே ஓட்டம்! தூங்கிட்டியா?

"ம்ம்."

தூங்குறவ பதில் சொல்ல மாட்டா. கேளு. அப்போ பொழுது சாயுது. புதருக்குள்ள புஸ்... புஸ்... புஸ்... கரடி! கரடி நேரா பாறைக்கு வந்து நின்னுச்சு. "தண்ணி குடிக்க நான் தெனமும் நடக்குற வழி இது. நான் நடந்து நடந்துதான் இவ்வளவு சுத்தமா இருக்கு. கெளம்பு!"ன்னுச்சு.

முத்தரசிக்குப் பயமில்லாமயா? பயந்தான். ஆனா என்ன சொன்னா தெரியுமா? "உன் வழிதான், ஒத்துக்கிறேன். காலைல காலி பண்ணிக் குடுத்துருவோம். இன்னைக்கு இது எங்க வாசல். கோலத்த மிதிக்காத!"

"கோலமா?" கரடி பொத்துன்னு மல்லாக்க விழுந்து, பரட் பரட்டுன்னு முதுக பாறையில தேச்சுச்சு. எந்திரிச்சா, ஒரு புள்ளி மிச்சமில்ல. அது மேலெல்லாம் ஏற்கனவே கறுப்பு, கரி அதுக்கு என்ன பொருட்டா! "இப்ப எங்க உன் கோலம்?"

மாவும் இல்ல, கரிக் கோலமும் நிக்கல. அப்பா அவ கையப் புடிச்சு இழுக்குறாரு. "விடுங்கப்பா!"ன்னு உதறிட்டு, பாறை நடுவுல போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தா. "நான்தான் கோலம். அழி பாப்போம்!"

கரடி குனிஞ்சுச்சு. அதோட மூச்சு அவ நெத்தியில சுடுது. அவ எந்திரிக்கல. அப்போ அம்மா தம்பிய இடுப்புல வச்ச மேனிக்கு வந்து, அவ பக்கத்துல உக்காந்தா. "நானுந்தான்"ன்னா. அதப் பாத்துட்டு அப்பாவும் வந்து உக்காந்தாரு. துரைப்பாண்டி மூக்க உறிஞ்சிட்டு, கரடியப் பாத்து "போ!"ன்னான்.

கரடி நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அது பொறந்ததுலருந்து ஒருத்தரும் அதோட வழிய மறிச்சதில்ல. ரெண்டு பக்கமும் முள்ளு. என்ன செய்யும் பாவம்? புஸ்ஸுன்னு பெருமூச்சு விட்டு, முள்ளுக்குள்ள பூந்து, "ஆ... ஊ..."ன்னு மொனகிக்கிட்டே அம்புட்டுப் பெரிய கரடி சுத்திக்கிட்டுப் போச்சு.

அன்னைக்கு முத்தரசி டென்ட்டுக்குள்ள கால நீட்டித் தூங்குனா. அப்பாவும் அம்மாவும்தான் விடிய விடிய முழிச்சுக் கெடந்தாங்க. கதையும் சுருண்டு படுத்துருச்சு, நீயும் கண்ண மூடு தங்கம்.