வேண்டாம் என்று சொல்லாதவர்

"அம்மா, இதுல நான் எதை டிக் பண்றது?"

சபாபதி நீட்டிய தாளைச் செங்கமலத்தம்மாள் வாங்கிக்கொண்டார்.

அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பத்தைந்து. சீடர் சபாபதிக்கு அறுபத்தெட்டு. ஒருகாலத்தில் ஹெட்மாஸ்டர்.

மடத்தில் சேருகிறவர்களுக்கு ஒரு விரதம் உண்டு. தனக்கென்று எதையும் 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லக் கூடாது. இலையில் விழுந்ததைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சபாபதிக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது. பதினோரு வருஷமாக மூச்சு விடாமல் விழுங்கியிருக்கிறார், பாவம்.

இப்போது நரம்பில் ஒரு நோய். முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு இருக்கும்போதே விருப்பத்தை எழுதி வையுங்கள் என்று இந்தத் தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டங்கள். வேண்டும். வேண்டாம்.

"விரதம் இருக்கேம்மா. நீங்களே பார்த்து எழுதிடுங்க."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்வமாகப் படித்தார்.

"வயித்துல குழாய்னு போட்டிருக்கே, எதுக்கு?"

"வாயால சாப்பிட முடியலைன்னா அது வழியா கஞ்சி ஊத்துவாங்க."

"ருசி தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பாகற்காய்க்குத் தோதுதான்."

'வேண்டும்' கட்டத்தில் டிக் போட்டார்.

"மூச்சுக்கு மெஷின். எத்தனை நாளைக்கு?"

"எடுத்துடுங்கன்னு யாராவது சொல்ற வரைக்கும்."

"நான் சொல்ல மாட்டேன்."

அதற்கும் 'வேண்டும்'.

"கடைசி நாள்ல ஐ.சி.யூ..."

பேனா தாளைத் தொடப் போனது.

"வேண்டாம்!"

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. இரண்டு சீடர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சபாபதி வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருஷம்மா. போச்சு."

"போகட்டும். வேற என்ன வேண்டாம்?"

முதலில் தயங்கினார். பிறகு மடமடவென்று வந்தது.

"மெஷின் வேண்டாம். குழாய் கொஞ்ச நாள் இருக்கட்டும், ஆளை அடையாளம் தெரியற வரைக்கும். அப்புறம் எடுத்துடணும். சமையற்கட்டுப் பக்கத்து அறையில படுக்க வைக்கணும். நாலு பேர் பேசற சத்தம் கேட்கணும்."

அம்மாள் போட்டதையெல்லாம் அடித்துத் திருத்தினார்.

"இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா என்னை எழுதச் சொன்னீங்க?"

"நீங்க எனக்கு நல்லதுதான் எழுதுவீங்கன்னு நினைச்சேன்."

"நல்லதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன்." அம்மாள் தாளைக் கீழே வைத்தார். "விளையாட்டு இல்லை, ஹெட்மாஸ்டரே. உங்களை அனுப்ப எனக்கு மனசு வராது. நீங்க வாயைத் திறக்கலைன்னா எந்தக் கட்டம் வந்தாலும் 'வேண்டும்'னுதான் போடுவேன்."

தன் குருவுக்கு இப்படி ஒரு பயம் இருக்கும் என்று சபாபதி நினைத்ததே இல்லை.

தாளில் ஒரு வரி பாக்கி இருந்தது. நோயாளி பேச முடியாதபோது அவர் சார்பாகப் பேசுகிறவர் யார்?

அம்மாள் பேனாவை அவரிடம் நீட்டினார்.

சபாபதி ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். செங்கமலத்தம்மாள்.

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா."

"எனக்கு மனசு வராதுன்னேனே."

"வர வேண்டியதில்லை. நான் சொன்னதை அப்படியே சொன்னாப் போதும்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.