ஊறாத தாடி

சண்டமாருத ராஜா சவரத்துக்கு உட்கார்ந்த நேரம், ஒற்றன் ஓடிவந்தான். கோட்டைக்கு வெளியே நெசவுத் தெருக்காரர்கள் ராஜாவின் கொடியை இறக்கிவிட்டார்களாம்.

"இப்பவே தெருவைக் கொளுத்துங்கடா! விசாரணையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

நாவிதர் மருதப்பன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, காய்ந்த தாடியிலேயே, கழுத்தோரமாகக் கத்தியை வைத்தார்.

ராஜா அலறினார். "அடேய்! ஊற வைக்காமலா?"

"ஒரு கழுத்துக்கே இவ்வளவு யோசனைன்னா, அந்தத் தெருவுல இருநூறு கழுத்து இருக்குதே, சாமி?"

ராஜா எச்சில் விழுங்கினார். கத்தியும் கூடவே ஏறி இறங்கியது.

"தண்ணி தடவு. யாராவது போய் ஏன்னு கேட்டுட்டு வாங்க."

தாடி ஊறுவதற்குள் ஆள் திரும்பிவிட்டான்.

"கொடி காத்துல கிழிஞ்சிருச்சாம் மகாராஜா. தைக்கத்தான் இறக்கினாங்களாம்."

ராஜா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.