நீர்க்காகத்துக்குப் பதில் சொன்ன இசக்கி

முன்னொரு காலத்தில், கடலும் கரையும் இப்போதைவிட இன்னும் நெருக்கமாக இருந்த காலத்தில், தாழைப்பட்டினம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் கரையில் நின்று பார்த்தால் ஒரு தீவு தெரியும். சின்னத் தீவுதான். சோம்பேறிகூட வெயில் ஏறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். ஆனால் கால் வைக்க இடம் வேண்டுமே! எங்கே பார்த்தாலும் பாறை. குத்துப்பாறை, கூர்ப்பாறை, வழுக்குப்பாறை. அதனால் கரடுத்தீவு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அங்கே குங்கிலியன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். கடலில் யாராவது தனியாக மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டால் சட்டியில் குங்கிலியம் போட்டு ஊதுவான். அந்தப் புகை தண்ணீர்மேல் ஊர்ந்து வந்து ஆளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் தீவில் ஒரு பாறை கூடுதலாகத் தெரியும். ஆமாம், தீவிலிருந்த பாறையெல்லாம் ஒரு காலத்தில் வலை வீசிய ஆட்கள்தான்.

இவ்வளவு தெரிந்தும் ஒருத்தரும் போய்க் கேட்கவில்லையா என்கிறீர்களா? எனக்கும் அந்தக் கோபம் உண்டு. கிளம்பினார்கள். கிளம்பியதோடு சரி.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா? காரியமாகக் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போகிறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் சகுனம் கெட்டது. திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பிறகுதான் கிளம்ப வேண்டும். தாழைப்பட்டினத்தில் அந்த வழக்கம் ரொம்பக் கெட்டி. அது குங்கிலியனுக்கும் தெரியும். அவன் அதே ஊரில் பிறந்தவன்தானே!

அதனால் அவன் ஒரு நீர்க்காகத்தை வளர்த்தான். கன்றுக்குட்டி உயரம், கரிச்சட்டி நிறம். அதற்கு ஒரே ஒரு வேலை. தீவுக்கு யார் கிளம்பினாலும் பறந்து வந்து கழுத்தை நீட்டி, "எங்க போற?" என்று கேட்க வேண்டும். வாள் வேண்டாம், படை வேண்டாம். அந்த இரண்டு வார்த்தை போதும்.

முதலில் ராஜா கிளம்பினார். கொம்பு ஊதினார்கள், முரசு அடித்தார்கள், படகில் கால் வைத்தார்.

"எங்க போற?" என்றது நீர்க்காகம்.

ராஜா காலை எடுத்துவிட்டார். திரும்பினார், உட்கார்ந்தார், தங்கக் குவளையில் தண்ணீர் குடித்தார். அதற்குள் விடியற்காலைக் கரைக்காற்று நின்று, எதிரே கடல்காற்று வீச ஆரம்பித்துவிட்டது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அடுத்து ஊர்ப் பயில்வான்கள் கிளம்பினார்கள். தொடை தட்டினார்கள், மீசை முறுக்கினார்கள்.

"எங்க போற?"

அவர்களும் திரும்பினார்கள், உட்கார்ந்தார்கள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். காற்றும் மாறிப்போனது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்."

கடைசியில் கல்லாய்ப் போனவர்களின் தாய்மாரும் பெண்டாட்டிமாரும் அழுதுகொண்டே கிளம்பினார்கள்.

"எங்க போற?"

அவர்களும் திரும்பினார்கள். அழுதுகொண்டே உட்கார்ந்தார்கள், அழுதுகொண்டே தண்ணீர் குடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் முத்துப்பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகன் சுடலை அந்தத் தீவில்தான் பாறையாக நின்றான்.

முத்துப்பேச்சிக்கு இசக்கி என்று ஒரு மகள். சுடலைக்குத் தங்கச்சி. இன்னும் கல்யாணமாகவில்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவை அவள் பார்த்தாள்.

"ஏம்மா திரும்பி வந்த?"

"சகுனம் சரியில்லைட்டீ. அந்தச் சனியன் எங்க போறன்னு கேட்டுட்டு."

"கேட்டா பதில் சொல்ல வேண்டியதுதானே?"

"அதெப்படிச் சொல்றது? யாரும் சொன்னதில்லையே!"

இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணன் அங்க கல்லா நிக்கான். நீங்க எல்லாரும் இங்க தண்ணி குடிச்சிட்டு இருக்கீங்க. நான் போறேம்மா. இனி ஒரு நாளும் பொறுக்க மாட்டேன்!"

மறுநாள் விடியும் நேரம், கரைக்காற்று எழுந்ததும், இசக்கி கட்டுமரத்தைத் தள்ளினாள். நீர்க்காகம் வந்து முன்னால் நின்றது.

"எங்க போற?"

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். இசக்கிக்கும் திரும்பிப் போய்விடத்தான் தோன்றியது. அவளும் அந்த ஊரில் வளர்ந்தவள்தானே! கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. தாகமே இல்லை, ஆனாலும் தொண்டை தண்ணீர் கேட்டது. காலை மணலில் அழுத்தி ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"தீவுக்குப் போறேன்!"

நீர்க்காகம் விழித்தது. இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. விழித்த விழிப்பில் கன்றுக்குட்டி அளவு இருந்தது ஆட்டுக்குட்டி அளவாகச் சுருங்கிவிட்டது.

நடுக்கடலில் மறுபடி வந்தது. "எங்க போற? அபசகுனம்! திரும்பு! உட்காரு! தண்ணி குடி!"

"சுத்தியும் தண்ணிதான். எனக்கு வேண்டாம். தீவுக்குப் போறேன்!"

அது கோழி அளவாகச் சுருங்கியது.

தீவுக்குப் பக்கத்தில், அலை பாறையில் மோதித் தெறிக்கிற இடத்தில், மூன்றாம் முறை வந்தது. "எங்க போற? எதுக்குப் போற?"

"எங்கண்ணனைக் கூட்டிட்டு வரப் போறேன். ஒன் எசமான்கிட்ட போய்ச் சொல்லு, இசக்கி வந்தாச்சுன்னு!"

சிட்டுக்குருவி அளவாகிவிட்ட நீர்க்காகம் கீச்சென்று கத்திக்கொண்டு பறந்தது.

இசக்கி தீவில் இறங்கினாள். சிப்பி ஒட்டிய பாறைகள் உள்ளங்காலைக் கிழித்தன. கைகளால் பற்றி ஏறினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்து ஏறினாள். மேலே குங்கிலியன் பாறைக்குப் பாறை போய்த் தட்டிக்கொண்டிருந்தான். ஆள் குள்ளம், தாடி மட்டும் நீளம். "ஒன்னைத் தேடி யாரும் வரலை. இனியும் வரமாட்டாங்க" என்று ஒவ்வொரு பாறையிடமும் சொன்னான். சொல்லச் சொல்ல அந்தப் பாறை இன்னும் இறுகியது. அவனுடைய மந்திரமெல்லாம் அவ்வளவுதான்! யாரும் வராதவரைக்கும் அவர்கள் கல். அதற்குத்தான் கரையில் அந்தப் பறவை.

"பொய்!" என்று இசக்கி கத்தினாள். "நான் வந்திருக்கேன்! அண்ணே! சுடலையண்ணே!"

படீரென்று ஒரு பாறை வெடித்தது. உள்ளேயிருந்து சுடலை இருமிக்கொண்டே வந்தான். "ஏட்டி, நீயா வந்த? இவ்வளவு நாளாச்சே, மறந்துட்டீங்கன்னுல்லா நெனச்சேன்" என்று அவளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

குங்கிலியன் தாடியைத் தடவினான். "சரி, பொட்டப்புள்ள. ஒன் அண்ணனைக் கூட்டிட்டு ஓடிப் போ. மத்ததெல்லாம் என் பாறை."

"மத்தவங்களையும் விடு."

"நீ கூப்பிட்டா ஒன் ஆளுதான் வருவான். அவங்கவங்க வீட்டு ஆளு வந்து கூப்பிடணும். எவன் வருவான்? எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு இருப்பான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சுடலை தங்கச்சியின் கையை இழுத்தான். "வா, போயிருவோம்."

இசக்கி திரும்பிப் பார்த்தாள். எத்தனை பாறைகள்! ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் பிள்ளை, யாரோ ஒருத்தியின் புருஷன். தேடி வந்தது தங்களுக்காக இல்லை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நீ கட்டுமரத்தை எடுத்துட்டுப் போய் எல்லாரையும் கூட்டிட்டு வா. நான் இங்கேயே நிக்கேன். நான் போயிட்டா, வந்தவளும் போயிட்டான்னு இவன் இவங்க காதுல ஓதுவான்."

"ஒன்னையும் கல்லாக்கிருவானே!"

"ஆக்கட்டும். நீ சீக்கிரம் வா."

சுடலை போனான். குங்கிலியன் சட்டியை எடுத்து ஊதினான். புகை இசக்கியின் காலைச் சுற்றியது.

"ஒன்னைத் தேடி யாரும் வரமாட்டாங்க."

"வருவாங்க."

பாதம் கல்லாயிற்று.

"யாரும் வரமாட்டாங்க."

"வருவாங்கய்யா!"

இடுப்புவரை கல்லாயிற்று.

கரையில் சுடலை இறங்கியதும் ஊரே கூடிவிட்டது. நடந்ததை அவன் சொல்லி முடிப்பதற்குள் படகுகளை இழுத்தார்கள். அப்போது குருவி அளவு நீர்க்காகம் முத்துப்பேச்சியின் படகு முனையில் வந்து உட்கார்ந்தது.

"எங்க போற?"

குரல் கீச்சுக்குரல்தான். ஆனாலும் பழக்கம் பொல்லாதது. எல்லாக் காலும் நின்றுவிட்டன. கடல்காற்றும் எதிரே வீச ஆரம்பித்திருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்று ஒரு பயில்வான் மெல்ல இழுத்தான்.

முத்துப்பேச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் மீசை தொங்கிவிட்டது. அவள் பறவைக்கு நேராகக் குனிந்தாள்.

"எங்க போறேனா? எம் மக ஒத்தையில நிக்கா. அவகிட்டப் போறேன். எறங்குடா என் படகை விட்டு!"

"எம் புருசன்கிட்டப் போறேன்!" என்றாள் பக்கத்தில் நின்றவள். "எம் புள்ளகிட்ட!" "எங்கய்யாகிட்ட!" கரை முழுக்க ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் நீர்க்காகம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. எதிர்காற்றில் பாய் விரித்துப் பயனில்லை என்று எல்லோரும் துடுப்புப் போட்டார்கள். கை கொப்புளித்தது. வாய் உப்புக் கரித்தது. யாரும் திரும்பவில்லை.

தீவில் இசக்கி கழுத்துவரை கல். குங்கிலியன் அவள் முகத்தருகே வந்தான்.

"இப்பவாச்சும் சொல்லு. யாரும் வரலைன்னு நீயே ஒன் வாயால சொல்லிட்டா, ஒன்னை மட்டும் விட்டுடறேன்."

இசக்கிக்குத் தலையைத் திருப்பிக் கடலைப் பார்க்க முடியவில்லை. யாராவது வருகிறார்களா என்று அவளுக்கும் தெரியாது. பயமாக இருந்தது. அம்மா மடியில் படுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நீ என்ன வேணா பண்ணிக்க. சொல்லவே மாட்டேன்!"

புகை உதட்டை மூடியது. அதே நேரம் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி இசக்கீ! அம்மா வந்துட்டேன்!"

கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவளைச் சுற்றிப் பேர்கள் பறந்தன. நம்பி! சங்கிலி! மாடசாமி! ஒவ்வொரு பேருக்கும் ஒரு பாறை வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு ஆள் தும்மிக்கொண்டு வெளியே வந்தான். தீவே பொரிக்கிற சோளம் மாதிரி வெடித்தது.

குங்கிலியன் ஓடி ஒளிய ஒரு பாறை மறைவுகூட மிஞ்சவில்லை. அவன் ஊதிய புகை போக இடமில்லாமல் அவன் பக்கமே திரும்பியது. "எனக்காக யாராவது வாங்களேன்!" என்று அலறினான். யாருக்கும் அசைய மனம் வரவில்லை. தாடியோடு சேர்ந்து கல்லாகிப்போனான்.

எல்லாம் முடிந்த பிறகு ராஜாவின் படகு வந்தது. கொம்பு, முரசு, குடை எல்லாம் வந்தன. ராஜா இறங்கி, வழுக்கி, எழுந்து, இசக்கியின் முன்னால் நின்றார்.

"பெண்ணே, நான்தான் முதலில் கிளம்பியவன். நேரம் சரியில்லை. கேள், என்ன வேண்டும்? பாதி ராஜ்யம் தரட்டுமா?"

"ராஜ்யம் வேண்டாம் மகாராசா" என்றாள் இசக்கி. "இந்தத் தீவை எங்களுக்குக் குடுங்க. இவ்வளவு பேரும் பசியோட நிக்காங்க. இங்கேயே அடுப்பு மூட்டி மீன் சுடப் போறோம். நீங்களும் குடையை இறக்கி வச்சிட்டு விறகு பொறுக்குங்க."

கொம்பு ஊதுகிறவன் நடுங்கிப் போனான். ராஜாவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. ராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். எதிரே நின்ற ஊரைப் பார்த்தார். ஒருவர் தலையும் குனியவில்லை. பிறகு குடையைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

கதையைச் சொன்ன எனக்கு வாய் உலர்ந்தது, கேட்ட உங்களுக்கு மனசு நிறையட்டும். கரடுத்தீவில் இப்போதும் ஒரே ஒரு தாடிப்பாறை நிற்கிறதாம். போனால் குளியுங்கள், மீன் சுட்டுத் தின்னுங்கள், சத்தமாகப் பாடுங்கள். அந்தப் பாறையை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.