விண்டோ திறக்கிற அளவு

பெர்க்மான்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைமுக வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளைய மெடில்டா டீச்சரிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்தவன், முதல்முதலாக ஒன்றைச் செய்து முடித்திருந்தான். ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில், நர்ஸுகள் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கப் போகிற விண்டோ. எந்தக் குழந்தைக்கு மூச்சு எப்படி ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டும். அடியில் ஒரு சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் டாக்டரின் போன் அலறும்.

இன்றைக்கே வார்டில் வைக்கப் போகிறார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றாயிற்று.

"டீச்சர், ஓடுது! வந்து பாருங்களேன், ஓடுது!"

மடியில் விரல் சப்பிக்கொண்டிருந்த மகள் அமலியோடு டீச்சர் எட்டிப் பார்த்தார். லேப்டாப் திரையின் நடுவில் விண்டோ சின்னதாகத் திறந்திருந்தது.

"சிவப்புப் பட்டன் எங்கண்ணே?"

"கீழ மறைஞ்சிருக்கு டீச்சர். மூலையைப் பிடிச்சு இழுத்தா வந்துரும்."

"ஏன் இத்தனூண்டாத் திறக்குது?"

"டிசைன் பண்ற சாஃப்ட்வேர் அதுவாக் குடுக்கிற அளவு. நான் வரையும்போது பெரிசாக்கித்தான் வரைஞ்சேன். திறக்கிற அளவை அப்படியே விட்டுட்டேன். யாருக்கு எவ்வளவு வேணும்னு நமக்கென்ன தெரியும்? வேணுங்கிறவங்க இழுத்துக்கிடட்டும். ஒரு நொடி வேலை!"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"தப்பா டீச்சர்? எந்த அளவு வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான்."

டீச்சர் அமலியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

"இழுங்க, பாப்போம்."

பெர்க்மான்ஸ் சிரித்துவிட்டான். "மூணு பிள்ளை வளத்தவன் டீச்சர் நான்."

பழைய லேப்டாப் அது. ஒரு கை டச்பேடின் பட்டனை அமுக்கிப் பிடித்திருக்க, இன்னொரு கையால் இழுக்க வேண்டும். அமுக்கினான். இழுக்கக் கை இல்லை. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தான். மூலை நழுவியது. அமலி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள்.

"மூலை கிடைச்சுதா?"

"இருங்க டீச்சர், பிள்ளை நழுவுது."

"இது வார்டுண்ணே, நீங்கதான் நர்ஸு. பிள்ளைக்கு மூச்சுத் திணறுது. டாக்டரைக் கூப்பிடுங்க."

பிள்ளையைக் கிடத்த இடம் தேடினான். மேஜை முழுக்க வயரும் டீ டம்ளரும்.

டீச்சர் கை நீட்டி அமலியை வாங்கிக்கொண்டார்.

அவன் நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்தான். விரல்கள் பரபரத்தன.

"புரிஞ்சிருச்சு டீச்சர்! திரை முழுக்க வச்சுரவா? பட்டனை மேல கொண்டாந்துரவா? அளவை மட்டும் சொல்லுங்க, இதோ இப்பவே மாத்திருதேன்!"

வாசலில் மறுபடியும் ஹாரன். டீச்சர் அமலியின் கன்னத்தைத் துடைத்தார்.

"பிள்ளையைக் கீழ வைக்காம டாக்டரைக் கூப்பிட முடியுற அளவு."