கொக்கார் ஊதாத பீப்பி

வேலங்காட்டு ஏரி பங்குனியில் வற்றிவிட்டால் நடுவில் ஒரு மடு மட்டும்தான் மிஞ்சும். மழை வரும்வரை அதில் முதலில் இறங்கிக் குடிப்பது மேல்கரையா, கீழ்கரையா? இதை முடிவு செய்ய மிருகங்கள் ஏரித்தரையில் பந்து விளையாடும். எப்படி வேண்டுமானாலும் ஓடலாம், உதைக்கலாம். கொம்பு, பல், நகம் மூன்றும் கூடாது.

இந்த வருஷம் நடுவர் நெட்டையப்பக் கொக்கார். தப்பு கண்டால் ஊத அவரிடம் ஒரு பூவரச இலைப் பீப்பி. நடுவர் கூலி, மடுவில் இருக்கும் மீன் முழுவதும்.

ஆட்டம் தொடங்கியதுமே மேல்கரை நரி, கீழ்கரை முயலின் காதைக் கவ்வி இழுத்தது.

"ஐயா, என் காது! என் காது!"

கொக்கார் பீப்பியை எடுத்தார். கரையில் இருந்த குரங்குகள் குதித்தன. "ஊதிடாதீங்க! இப்பத்தான் ஆட்டம் சூடு பிடிக்குது!"

கொக்கார் பீப்பியை இறக்கினார். "காது அறுந்தா போச்சு? ஓடு, ஓடு!"

"நடுவர்னா இவர்தான்யா நடுவர்!" குரங்குகள் கைதட்டின.

கொக்காருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை, பாவம்.

அடுத்து மேல்கரைக் காட்டுப்பன்றி, கீழ்கரை மானின் விலாவில் ஒரு முட்டு முட்டியது. கொக்கார் வானத்தைப் பார்த்து, "மேகம் கூடுதோ?" என்றார். பங்குனி வெயிலில் மேகமாம்! குரங்குகள் விசில் அடித்தன. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டல் காதை அடைத்துவிட்டது.

முயல் யோசித்தது. "ஊமைப் பீப்பிக்கு நான் மட்டும் ஏன் பயப்படணும்?" ஓடிப்போய் நரியின் மூக்கைப் பிறாண்டியது. புல்லிடம் மன்னிப்புக் கேட்டு மேய்கிற அந்த மான்கூடக் கொம்பைத் தாழ்த்தியது.

பந்து ஒரு மூலையில் கிடந்தது. அதை யாரும் சீண்டவில்லை. அடியும் கடியுமாக உருண்ட கூட்டம் மடுப் பக்கம் நகர்ந்தது. கொக்கார் பீப்பியை வாயில் வைத்தார். ஐயோ, அவர் மீன்கள்!

"பீ...! பீ...!" மூச்சைப் பிடித்து ஊதினார்.

பன்றி ஒரு கணம் நின்றது. "அது என்ன சத்தம்?"

"ஏதோ குட்டி விளையாடுது. நீ முட்டுப்பா!" என்றது நரி.

தொபுக்கடீர்! அத்தனையும் மடுவுக்குள் விழுந்து புரண்டன. முழங்கால் ஆழத் தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறாகக் குழைந்தது. மீன்கள் மிதிபட்டுச் சேற்றில் புதைந்தன. மூச்சு வாங்க எழுந்தவர்களுக்கு நாக்கை நனைக்க ஒரு வாய் தண்ணீர் இல்லை.

முதலில் கத்தியவை அதே குரங்குகள்தான். "இவரெல்லாம் ஒரு நடுவரா! முதல் கடிக்கே ஊதியிருக்க வேண்டாமா?"

"நான் அப்பவே கத்தினேனேய்யா," என்றது முயல், தொங்கிய காதைத் தடவியபடி.

மழை வரும்வரை இரண்டு கரையும் மூன்று மைல் தள்ளியிருந்த ஆற்றுக்கு நடந்தன. பசியோடு கொக்காரும் பின்னாலேயே போனார்.

முதல் தப்புக்கு ஊதாதவன் பீப்பி, கடைசித் தப்புக்கு யார் காதிலும் விழாது.