தனகோடி படித்த புத்தகங்கள்

மேலே வீடுகள், கீழே கடைகள், நடுவில் நூலகம். இந்த நிபந்தனையில்தான் தனகோடிக்குக் கட்டட அனுமதி கிடைத்திருந்தது. நூலகத்தில் காலி அலமாரிகள் மட்டுமே இருந்தன.

“நூலகத்தைப் பார்வையிட வர்ற அதிகாரி எந்தப் புத்தகம் கேட்டாலும் படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லு. இல்லைன்னு சொன்னே, உனக்கு வேலை இல்லை,” என்றார் தனகோடி, கூட்டிப் பெருக்கும் செங்கமலத்திடம்.

அதிகாரி அகராதி கேட்டார். பிறகு சமையல் புத்தகம் கேட்டார்.

“படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்.”

“எல்லாத்தையுமா? யாரும்மா அது?”

“நம்ம மொதலாளிதான் சார்.”

மறுத்துப் பேச வாயைத் திறந்த தனகோடி, யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

“திருப்பி வைங்க. அப்புறம் வீடுகள்ல குடியேறக் கையெழுத்துப் போடறேன்,” என்றார் அதிகாரி.

மறுவாரம் லாரியில் புத்தகங்கள் வந்து இறங்கின. செங்கமலம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள்.

“ஒரு பக்கம்கூடக் கசங்காம படிச்சிருக்கீங்க, மொதலாளி.”