செண்பகவல்லி வீட்டுக் காதுகுத்து

வெயிலுகந்தபுரத்தில் சித்திரை வெயில் ஏறினால் ஓணான்கூட நிழல் தேடி ஓடும். கொம்பையாவும் அவர் தம்பிகளும் மட்டும் நடுத்தெருவில் நிற்பார்கள். யாரோ, "இங்கயே நில்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

மூத்தவர் கொம்பையா, நடுவில் பூதத்தான், இளையவன் ஆவுடையப்பன். சொன்ன சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்கள். அவர்களிடம் உள்ள கஷ்டமே அதுதான். கொம்பையாவுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. தம்பிகளுக்குப் பெண் கொடுக்க அந்த வட்டாரமே யோசித்தது. அண்ணனுக்குக் கொடுத்தவர்கள் யோசிக்காமல் விட்டதைப் பார்த்து வந்த யோசனை.

கொம்பையாவின் மனைவி செண்பகவல்லி. மூத்தவள் வடிவுக்கு ஐந்து வயது, சின்னவன் நமச்சிக்கு ஒரு வயது. சின்னவனுக்குக் காது குத்த வேண்டும். காது குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடிதான் கோபித்துக்கொண்டு போயிருந்தது.

செண்பகவல்லியின் கல்யாணம் நடந்தது மாப்பிள்ளை வீட்டில். பந்தியில் அவள் அண்ணன் வைகுண்டத்தின் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. வாயைத் திறந்து கேட்கவா முடியும்? எழுந்து கையைக் கழுவியவர்தான், அதன்பின் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது பெரியவர்கள் பேசிப் பேசி, "என் தங்கச்சியே வந்து கூப்பிட்டா வாரேன்" என்ற அளவுக்கு இறங்கியிருந்தார்.

காதுகுத்து நாளன்று செண்பகவல்லி விடியுமுன்னே எழுந்து சோறு, பொரியல், பாயசம் எல்லாம் முடித்துவிட்டாள். சாம்பாரைத் தாளிப்பது மட்டும் பாக்கி. அண்ணனைக் கூப்பிடப் போக வேண்டிய முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வேகவேகமாகச் சொன்னாள்:

"சாம்பாரைத் தாளிச்சுக் கொட்டிருங்க. மாடியில வத்தல் காயுது, காக்கா வராமப் பாத்துக்கோங்க. பிள்ளைகளக் கண்ணுல எண்ணெய விட்டுப் பாத்துக்கிடணும். வந்தவங்க ஒருத்தரும் கை நனைக்காமப் போகக் கூடாது. முக்கியமா, பாயசம் குறையக் கூடாது. எங்க அண்ணன் மானம் அதுலதான் இருக்கு."

"நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றார் கொம்பையா.

அவள் நிம்மதியாகப் போகவில்லை. பஸ் வந்துவிட்டதால் போனாள்.

சகோதரர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கண்ணுல எண்ணெய விடணும்னு மதினி சொன்னாங்க. யாரு கண்ணுலன்னு சொல்லலையே" என்றான் ஆவுடையப்பன்.

"பாக்கிறவன் கண்ணுலதான். பச்சப்பிள்ள கண்ணுல யாராவது எண்ணெய் விடுவாங்களால?" என்றார் கொம்பையா. அந்த வீட்டில் கொஞ்சம் விவரமானவர் அவர்தான்.

"என்ன எண்ணெய்?"

இதில்தான் நேரமாயிற்று. நல்லெண்ணெய் சூட்டைத் தணிக்கும் என்றான் பூதத்தான். கடலை எண்ணெய் கையெட்டும் இடத்தில் இருக்கிறது என்றார் கொம்பையா. கண்ணுக்குக் குளிர்ச்சி விளக்கெண்ணெய்தான் என்று கடைசியில் முடிவாகி, ஆவுடையப்பனைப் படுக்க வைத்து இரண்டு கண்ணிலும் தாராளமாக விட்டார்கள். அவன் எழுந்து உட்கார்ந்து, வீடு முழுக்க மேகமாக இருக்கிறது என்றான்.

"பிள்ளைக தெரியுதா?"

"ஒண்ணு சின்னதா, உருண்டையா, அசையாம இருக்கு."

"அதுதான் நமச்சி. தொட்டில்ல போட்டு ஆட்டு."

அவன் மறுநாள் கூட்டுக்காக வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கித் தொட்டிலில் போட்டு ஆட்டினான். எவ்வளவு ஆட்டினாலும் அழாத பிள்ளை என்று அவனுக்குப் பெருமை. நிஜ நமச்சி அடுக்களைக்குத் தவழ்ந்து போய் மாவுப் பானைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தான். வடிவு அவனுக்கு ஒரு லட்டு, தனக்கு ஒரு லட்டு என்று நியாயமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அன்று ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான்.

கொம்பையா கம்போடு மாடிக்குப் போனார். வெயிலில் தலை சுட்டது. ஆனாலும் அசையவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளாடு கைப்பிடிச் சுவர் ஏறிக் குதித்து வத்தலைத் தின்ன ஆரம்பித்தது. அடுத்த மாடியில் துணி காயப்போட்ட சுடலி பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஆடு தின்னுதே."

"பாத்தேன். ஆடுதான். காக்கா இல்ல."

சற்று நேரத்தில் ஒரு காக்கை வந்து ஆட்டின் முதுகில் உட்கார்ந்தது. கொம்பையா பாய்ந்து விரட்டினார். ஆடு அதன்பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டு முடித்தது.

கீழே பூதத்தான் சாம்பாரைத் தாளித்தான். அதைக் குறை சொல்ல முடியாது. கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, காயமும் கறிவேப்பிலையும் சேர்ந்து தெருவே மணத்தது. பிறகு அவன் மாடிப்படியில் நின்று கேட்டான்.

"அண்ணே, தாளிச்சாச்சு. எங்க கொட்ட?"

"வழக்கமா எங்க கொட்டுவா?"

"கழனித்தண்ணி எல்லாம் தென்ன மரத்தடியிலதான்."

"அப்ப அங்கயே கொட்டு. நம்ம இஷ்டத்துக்கு எதையும் மாத்தக் கூடாது."

அண்டா நிறையச் சாம்பார் தென்னைக்குப் போயிற்று. முருங்கைக்காய் வீணாகக் கூடாது என்று பொறுக்கப் பார்த்தான். ஆனால் மதினி பொறுக்கச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டான்.

பதினோரு மணி வாக்கில் விருந்தாட்கள் வரத் தொடங்கினார்கள். பூதத்தான் வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றான். முதலில் வந்தவர் தபால்காரர் குமரேசன், பெண்டாட்டி பிள்ளைகளோடு. காலையில் யாரும் பலகாரம் சாப்பிடவில்லை. செண்பகவல்லி சமையல் அப்படிப்பட்டது.

"வாங்க, வாங்க. கைய நனைங்க" என்றான் பூதத்தான்.

இதென்ன புது மரியாதை என்று நினைத்துக்கொண்டே எல்லோரும் வாளியில் கையை விட்டார்கள்.

"நனைஞ்சுதா? ரொம்பச் சந்தோஷம். போயிட்டு வாங்க."

"சாப்பாடு?" என்று கேட்டுவிட்டது கடைக்குட்டி.

"அதப் பத்தி மதினி ஒண்ணும் சொல்லல தாயி."

ஈரக் கையோடு திரும்பிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் அதேதான். காது குத்த ஊசியோடு வந்த ஆசாரியும் கையை நனைத்துக்கொண்டு போனார். "பெரிய வீட்டுப் பழக்கம் போல" என்று ஒருவர் சொல்ல, "பட்டினி போடுறதுக்கு இப்ப பேரு இதுவா" என்றாராம் இன்னொருவர்.

பன்னிரண்டு மணிக்குச் செண்பகவல்லி அண்ணனோடு வந்து இறங்கினாள். வைகுண்டம் வெள்ளை வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, கையில் சீர்த்தட்டோடு வாசலில் காலை வைத்தார். பூதத்தான் அவர் கையைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினான்.

"நனைஞ்சுதா அத்தான்? போயிட்டு வாங்க."

வைகுண்டத்தின் முகம் சுருங்கியது. செண்பகவல்லி கொழுந்தனைத் தள்ளிவிட்டு, அண்ணன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, மனையில் உட்கார வைத்து, "முதல்ல பாயசம் குடிங்கண்ணே" என்று டம்ளரை எடுத்தாள். பூதத்தான் ஓடிவந்து பாயசச் சட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"என்னல செய்யுத?"

"குறையக் கூடாதுன்னு நீங்கதான மதினி சொன்னீங்க. அத்தான் குடிச்சாக் குறையும்."

தொட்டில் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. வைகுண்டம் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மாப்ள, என் தங்கச்சி கல்யாணத்துல பாயச வாளி தூக்குனது யாரு?"

"நாந்தான் அத்தான். கேக்கிறவங்களுக்கு ஊத்துன்னு எங்க அய்யா சொன்னாரு. நீங்க கேக்கல. நான் ரெண்டு மூணு தடவ உங்க முன்னால வந்து நின்னு வாயப் பாத்தேன். வாய் அசையவே இல்ல."

இந்த ஆள் செய்த காரியத்துக்காகத் தான் இத்தனை நாள் தங்கை முகம் பாராமல், பிள்ளைகள் பிறந்ததற்குக்கூட வராமல் இருந்ததை வைகுண்டம் எண்ணிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பெரிய முட்டாள் யார் என்று கணக்குப் போட்டார். விடை அவருக்குச் சாதகமாக வரவில்லை. சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். செண்பகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை.

ஆசாரியையும் விருந்தாட்களையும் திரும்ப அழைத்து வந்தார்கள். தொட்டிலில் பூசணிக்காயும் பானையில் பிள்ளையும் கண்டுபிடிக்கப்பட்டன. மாவு பூசிய நமச்சி மாமன் மடியில் உட்கார்ந்தான். காது குத்தியபோது வீறிட்டு அழுதான். மாமன் தன் டம்ளரில் விரலை விட்டு அவன் நாக்கில் பாயசம் தடவினார். இருவரும் சேர்ந்து சட்டியைக் குறைத்தார்கள்.

பந்தி போட இலை விரித்தபோதுதான் செண்பகவல்லி சாம்பார் அண்டாவைப் பார்த்தாள். பிறகு தென்னை மரத்தடியைப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய் வெறும் பாயைப் பார்த்தாள். இறங்கி வந்து மூவரையும் நிற்க வைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எங்கயாவது போய்த் தொலைங்க."

மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

"எங்க போகணும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எங்கயாவது" என்றார் கொம்பையா.

கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டுக் கொடுத்தார். தெரியாத ஊரில் இறங்கினார்கள். ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம். "மூணு பேரும் சேர்ந்து நிக்கோம். நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியுது. நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியுது. இது தொலைஞ்சதுல சேருமாண்ணே?"

கொம்பையா டீக்கடைக்காரரிடம் போய், "எங்களத் தெரியுமா?" என்று கேட்டார். அவர் தெரியாது என்றார். மூவரும் திருப்தியாக டீ குடித்தார்கள்.

"சரி, தொலைஞ்சாச்சு. ஆனா தொலைஞ்சது மதினிக்கு எப்படித் தெரியும்?" என்றான் பூதத்தான். அதுவும் நியாயமாகப் பட்டது. எதிரிலேயே போலீஸ் ஸ்டேஷன் இருந்தது.

"ஆளக் காணோம்யா" என்றார் கொம்பையா ஏட்டிடம்.

"யாரை?"

"எங்களத்தான். மூணு பேரையும்."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "மூணு பேரும் இங்கதானே நிக்கீங்க?"

"எங்களுக்குத் தெரியுது. வீட்டுல தெரியாதுல்லா? கண்டுபிடிக்கக்கூட வேண்டாம் ஐயா. தொலைஞ்சது நெசந்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அதக் காட்டிட்டுத்தான் சாப்பிட உக்காரணும்."

ஏட்டுக்கு அன்று திருவிழா பந்தோபஸ்து வேலை. விவாதிக்கத் தெம்பில்லை. "வெளிய பெஞ்சுல உக்காருங்க. ஆளு கிடைச்சாக் கூப்பிடுதேன்" என்றார்.

வரிசையாக உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து யாரோ மூன்று பேரை இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள். பூதத்தான் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். நன்றாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நாம இல்லண்ணே" என்றான்.